கீழ்க்கட்டுக்கு வந்த மூன்று தண்ணீர்

எங்கள் வீட்டில் அந்த அறைக்குக் கீழ்க்கட்டு என்று பெயர். முன்கட்டு, பின்கட்டு என்று வீட்டைப் பிரித்துப் பேசிப் பழகிய பாட்டி வைத்த பெயர். கட்டிய காலத்தில் தெருவிலிருந்து நான்கு படி ஏறினால் வீடு. பக்கவாட்டுச் சந்தில் ஏழு படி இறங்கினால் கீழ்க்கட்டு. 20 அடி நீளம், 14 அடி அகலம், 8 அடி உயரம். அந்த உயரத்தில் 5 அடி மண்ணுக்குள் இருக்கிறது. 1991 முதல் 2014 வரை அப்பா அங்கே பைண்டிங் பட்டறை நடத்தினார். கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சுற்றியுள்ள அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் அவர் கட்டிக் கொடுத்த பதிவேடுகளுக்குக் கணக்கே இல்லை. மயில்துத்தம் கலந்த மைதாப் பசையின் வாசனையில்தான் நான் வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தேன். இன்று அப்பாவுக்கு 81 வயது. கட்டிங் மெஷின் இன்னும் அங்கேயே நிற்கிறது. அதை வெளியே கொண்டுவர வேண்டுமானால் வாசற்கதவை நிலையோடு பெயர்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மண்ணுக்குள் அறை கட்டி வாழ்பவர்கள் மிகவும் குறைவு. அதனால் இதைப் பற்றிப் பேசுவதற்குச் சொல் கூடச் சரியாக அமைவதில்லை. முதன்முதலில் ஒரு கொத்தனாரைத் தொலைபேசியில் அழைத்து, "பேஸ்மென்ட்டில் தண்ணீர் வருகிறது" என்றேன். "பேஸ்மட்டத்தில் ஓதம் ஏறுகிறதா? சுவரைக் கொத்திவிட்டுப் புதுப் பூச்சு பூசிவிடலாம்" என்றார் அவர். தரைமட்டத்துக்கு மேலே வீட்டுத் தரை வரை எழும் கட்டுமானத்தைத்தான் நம் கொத்தனார்கள் பேஸ்மட்டம் என்கிறார்கள். நான் சொன்னதோ அதற்கும் கீழே. ஓதத்துக்கு மருந்து சொன்னார் அவர். எனக்கு வந்திருந்ததோ ஊற்று.

அப்பா ஏன் இப்படிக் கட்டினார் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். மனை தெருவைவிட 4 அடி பள்ளம். செம்மண் அடித்து முழுவதையும் மேடாக்க அவரிடம் பணம் இல்லை. பள்ளத்தை அப்படியே அறையாக்கி அதன்மேல் வீட்டை எழுப்பினால், பட்டறைக்குத் தனியாக வாடகை கொடுக்க வேண்டாம் என்று கணக்குப் போட்டார். இன்னும் ஓரடி தோண்டிக் கடைக்கால் போட்டு, தரைக்கும் நான்கு பக்கச் சுவர்களுக்கும் கம்பி கட்டிக் காங்கிரீட் போட்டார்கள். பிறகு சுற்றிலும் தெரு மட்டத்துக்கு மண் நிரப்பினார்கள். அந்தக் காலத்தில் அது நல்ல யோசனைதான். ஆனால் நிரப்பிய மண் எத்தனை ஆண்டு ஆனாலும் பூர்வ மண்ணைப் போல இறுகுவதில்லை. மழைத் தண்ணீர் அந்தத் தளர்ந்த மண்ணில் சுலபமாக இறங்கி, சுவரை ஒட்டியே நின்றுவிடும். வீட்டைச் சுற்றி நாமே ஒரு தொட்டி கட்டிக்கொண்டது போல.

தெருவும் சும்மா இருக்கவில்லை. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, இன்று தெரு எங்கள் முற்றத்தைவிட ஓரடிக்கு மேல் உயர்ந்திருக்கிறது. நாலு படி ஏறி நுழைந்த வீட்டுக்கு இப்போது இரண்டரைப் படிதான். கடலூரில் பழைய தெருக்களில் இருக்கும் எவரும் இதைத் தங்கள் வாசலிலேயே பார்க்கலாம். எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் ஒரு வரிசை வீடுகள் பள்ளத்துக்குப் போகின்றன.

*

2015 நவம்பர் வெள்ளத்தின்போது கீழ்க்கட்டில் முதல்முறையாகக் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அதற்கு முன்பு மூலைகளில் ஈரமும் சுவரில் உப்புப் பூத்தலும் இருந்தன. அப்பா அவற்றைத் துடைத்துவிட்டு வேலை பார்த்தார். மறு ஆண்டு ஒரு பெயிண்ட் கடையில் சொன்னதைக் கேட்டு, உள்பக்கச் சுவர் முழுவதும் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை அடித்தோம். 38,000 ரூபாய். அடுத்த கார்த்திகைக்குள் அந்தப் பூச்சு பூரி போல உப்பிக்கொண்டு வந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே தண்ணீர். கிழித்துவிட்டால் பின்னால் மாவு போல உப்பு.

2019இல் வேறொருவர் தரையை மூன்று அங்குலம் உயர்த்தி டைல்ஸ் ஒட்டினார். 64,000 ரூபாய். தண்ணீர் டைல்ஸ் இடுக்கு வழியாக வந்தது. தட்டிப் பார்த்தால் பாதி டைல்ஸ் பொள்ளலாக ஒலித்தன.

இந்த இரண்டு செலவுகளும் ஒரே தவற்றிலிருந்து வந்தவை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. பூச்சைத் தண்ணீர் இருக்கும் பக்கத்தில் பூசினால், வருகிற தண்ணீரே அதைச் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும். வறண்ட பக்கத்தில் பூசினால் அதே தண்ணீர் பின்னாலிருந்து அதைத் தள்ளும். தண்ணீரில் கரைந்து வரும் உப்பு பூச்சுக்கு அடியில் காய்ந்து படிகமாகும்போது இன்னும் பலமாகத் தள்ளும். சாதாரணப் பெயிண்ட் வகையறா எதுவும் அந்தத் தள்ளுதலை நெடுநாள் தாங்காது. டப்பாவின் மேல் என்ன எழுதியிருந்தாலும் சரி.

பிறகு 2024. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. மழை விட்டுவிட்டது என்று மூச்சு விட்டபோது, சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் டிசம்பர் 2 வாக்கில் தென்பெண்ணையில் வந்து இறங்கியது. வடக்கே பெண்ணையாறு, தெற்கே கெடிலம், கிழக்கே கடல் என்று மூன்றுக்கும் நடுவே இருக்கிறது மஞ்சக்குப்பம். ஆற்று வெள்ளம் எங்கள் தெருவுக்கு வரவில்லை. ஆனால் கொல்லைக் கிணற்றில் தண்ணீர் கையால் மொண்டு எடுத்துவிடலாம் போல ஏறி நின்றது. கீழ்க்கட்டில் ஒன்றே முக்கால் அடி. கட்டிங் மெஷினின் கால்கள் மறைந்திருந்தன. அப்பா தன் கையால் கட்டி வைத்திருந்த மாதிரிப் பதிவேடுகள் அலமாரியின் கீழ்த்தட்டில் நனைந்து ஊறிப் பெருத்துக் கிடந்தன.

உடனே மோட்டார் வைத்து இறைத்துவிடுங்கள் என்று தெருவே சொன்னது. எனக்கும் அதே பதற்றம். மின்சாரம் இல்லாததால் இரண்டு நாள் தாமதமானது. அந்தத் தாமதத்தில்தான் மேஸ்திரி வந்து சேர்ந்தார். திருப்பாதிரிப்புலியூர்க்காரர். வாழ்நாளில் பாதியைத் தண்ணீர்த் தொட்டிகள் கட்டுவதில் கழித்தவர். படியில் நின்று பார்த்துவிட்டு, நேராகக் கிணற்றடிக்குப் போனார். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இறைக்காதீர்கள், டீச்சர். கிணறு இறங்கட்டும். அது இறங்க இறங்க இதையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம்."

அவர் சொன்னதன் கணக்கை அன்று இரவு போட்டுப் பார்த்தேன். கீழ்க்கட்டுத் தரை 280 சதுர அடி, ஏறத்தாழ 26 சதுர மீட்டர். வெளியே மண்ணில் தண்ணீர் மட்டம் தரையைவிட ஒரு மீட்டர் உயரத்தில் நின்றால், ஒவ்வொரு சதுர மீட்டரையும் அது ஒரு டன் அழுத்தத்தோடு மேல்நோக்கித் தள்ளும். மொத்தம் 26 டன். ஆறு அங்குலக் காங்கிரீட் தரையின் எடை ஒன்பது டன்னைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். உள்ளே நிற்கும் தண்ணீர்தான் அந்த நேரத்தில் எதிர்ப்பாரமாக இருந்து தரையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அவசரமாக இறைத்தால் தரை நடுவில் எழும்பி வெடிக்கலாம். காலியான கீழ்த்தொட்டிகள் மழைக்காலத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே எழும்புவதும் இதனால்தான். அப்பர் பெருமானைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியும் கல் மிதந்து கரையேறிய ஊர் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். காங்கிரீட் மிதக்கும் என்று மேஸ்திரி சொன்னபோது அப்பா சட்டென்று தலையசைத்தார்.

நாளொன்றுக்கு அரை அடிக்கு மேல் இறக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். முதலில் அந்த அறைக்குப் போகும் மின் இணைப்பை மெயினிலேயே அணைத்தோம். தண்ணீர் நிற்கும் அறையில் இதைச் செய்யாமல் யாரும் காலை வைக்காதீர்கள்.

*

தண்ணீர் வடிந்த பிறகு மேஸ்திரி என்னிடம் கேட்டது ஒரு சாக்பீஸ். டீச்சர் வீட்டில் அதற்கா பஞ்சம். சுவரில் ஈரம் தெரிந்த இடங்களையெல்லாம் வட்டமிட்டு, பக்கத்தில் தேதி போடச் சொன்னார்.

"எங்கே வருகிறது என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். எப்போது வருகிறது என்று பாருங்கள்."

இந்த ஒரு வாக்கியத்தை எனக்கு 2016இல் யாராவது சொல்லியிருந்தால் ஒரு லட்சம் ரூபாய் மிஞ்சியிருக்கும். கசிகிற சுவரைப் பார்த்தவுடன் எதைப் பூசலாம் என்று மனம் ஓடுகிறது. ஒரே சுவரில் வெவ்வேறு தண்ணீர் வந்து சேரலாம் என்பது தோன்றுவதே இல்லை.

கிணற்றை அளக்கக் கற்றுக் கொடுத்ததும் அவர்தான். ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு போட்டு நுனியில் கல் கட்டினோம். டியூப் லெவல் பிடித்து, கிணற்றுக் கட்டையின் மேல்விளிம்பிலிருந்து கீழ்க்கட்டுத் தரை 7 அடி 3 அங்குலம் கீழே இருக்கிறது என்று கண்டுபிடித்தார். தண்ணீர் நிரப்பிய வெறும் பிளாஸ்டிக் குழாய்தான், ஆனால் அதைவிட நேர்மையான கருவியை நான் பார்த்ததில்லை. இனி கணக்கு சுலபம். கயிறு 7 அடி 3 அங்குலத்துக்குக் குறைவாகக் காட்டினால், நிலத்தடி நீர் என் தரைக்கு மேலே நிற்கிறது என்று பொருள். வெள்ளத்தின்போது அது 4 அடி காட்டியது.

டிசம்பரிலிருந்து தினமும் காலையில் பால் வாங்கிய கையோடு கயிற்றை விட்டுப் பார்த்து எழுதினேன். தரையும் சுவரும் சேரும் மூலையில் சுற்றிலும் ஊறிக்கொண்டே இருந்தது. துடைத்தால் அரை மணி நேரத்தில் மீண்டும் ஒரு கோடு. தை மாத நடுவில் கயிறு 7 அடி 4 அங்குலம் காட்டிய அன்று அந்தக் கோடு நின்றது. மறுநாளும் வரவில்லை. அன்று நான் பள்ளிக்கூடத்துக்கு மிகுந்த மகிழ்ச்சியோடு போனேன். மூலை வழியாக வருவது நிலத்தடி ஊற்று, அதற்குச் சுவரின் மேற்பகுதியோடு சம்பந்தம் இல்லை என்பது அதிலிருந்து உறுதியானது.

மேற்குச் சுவரில் நெஞ்சு உயரத்தில் இருந்த சாக்பீஸ் வட்டங்களோ வேறு கதை. கிணறு எவ்வளவு இறங்கினாலும், ஒரு மழை பெய்தால் அந்த இடம் நனைந்தது. மேஸ்திரி வெயில் காய்ந்த ஒரு மாசி மாத நாளில் தோட்டக் குழாயை எடுத்துச் சுவருக்கு வெளியே இருந்த மழைநீர் சேகரிப்புக் குழியில் விட்டார். 50 நிமிடத்தில் உள்ளே சுவர் கறுத்தது. அதற்குப் பிறகு சந்தேகம் எதற்கு?

அந்தக் குழியை நாங்கள் 2003இல் தோண்டினோம். தமிழகம் முழுவதும் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட ஆண்டு அது. அந்தச் சட்டம் நம் மாநிலத்தில் நடந்த மிக நல்ல காரியங்களில் ஒன்று என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவசரத்தில் குழியைச் சுவரிலிருந்து இரண்டரை அடி தூரத்தில் வைத்துவிட்டோம். எங்கள் மாடித் தளம் 1,000 சதுர அடி. 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதில் விழுவது ஏறத்தாழ 9,300 லிட்டர். அத்தனையையும் நாங்களே குழாய் வைத்து, தளர்ந்த மண்ணுக்குள், கீழ்க்கட்டுச் சுவரின் காலடியில் 21 ஆண்டுகள் ஊற்றிக்கொண்டிருந்தோம். மழைநீர்க் குழி தோண்டுகிறவர்கள் கடைக்காலிலிருந்து பத்தடியாவது தள்ளி வையுங்கள். கீழறை இருந்தால் இன்னும் தள்ளி.

மூன்றாவது தண்ணீரைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பங்குனி, சித்திரையில், கிணறு அடியில் கிடக்கும்போது, தரை நனைந்திருக்கும். ஒரு சதுர அடிக்குச் சற்றுப் பெரிய பாலித்தீன் துண்டைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விட்டோம். அடிப்பக்கம் காய்ந்திருந்தது. மேல்பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணீர். தரை கசியவில்லை, வியர்த்திருக்கிறது. கடற்காற்று கொண்டுவரும் ஈரம் குளிர்ந்த தரையில் படிந்து தண்ணீராகிறது. இதற்கு எந்த நீர்த்தடுப்புப் பூச்சும் தேவையில்லை. பகலில் சன்னலைத் திறந்துவைத்து நாங்களேதான் அந்த ஈரத்தை உள்ளே அழைத்துக்கொண்டிருந்தோம். இப்போது புழுக்கமான நாட்களில் முற்பகலில் சன்னலைச் சாத்திவிட்டு, மாலையில் வெளியேற்று விசிறியை ஓட்டுகிறோம். செலவு 2,000 ரூபாய்கூட ஆகவில்லை.

*

வேலை தொடங்கும் முன்பு அப்பா ஒரு பதிவேட்டை எடுத்துவந்தார். சிவப்புக் காலிகோ முதுகு, மூலைக்கு மூலை துணி. வீடு கட்டிய கணக்கு. மேல்தட்டில் இருந்ததால் தப்பித்தது. இராமபாணப் பூச்சி அரித்த ஓரங்களைத் தவிர எழுத்தெல்லாம் தெளிவாக இருந்தது. சிமெண்ட் எத்தனை மூட்டை, சித்தாள் கூலி எவ்வளவு, எந்த நாளில் எந்த வேலை என்று எல்லாம் இருந்தது. மேஸ்திரி பக்கம் பக்கமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மாசி மாதம் தரைக்குக் காங்கிரீட் போட்டிருக்கிறார்கள். சுவருக்குக் காங்கிரீட் போட்டது 11 நாள் கழித்து.

"அதுதான் மூலை. காய்ந்த காங்கிரீட்டின்மேல் புதுக் காங்கிரீட். கொத்திவிட்டுச் சிமெண்ட் பால் ஊற்றினாலும் அது ஒட்டியிருக்குமே தவிர ஒன்றாகாது."

இன்று தொட்டி கட்டுகிறவர்கள் அந்த இணைப்பில் நீர் நிறுத்தும் பட்டை ஒன்றைப் பதித்துவிடுகிறார்கள். 1991இல் ஒரு வீட்டுக்கு அதை யார் செய்தார்கள்? அப்பா நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியாமல் போயிற்றே" என்றார். மேஸ்திரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, கையால் குத்திப் போட்ட காங்கிரீட் 33 வருடம் வீட்டைச் சுமந்து நிற்கிறது. நான் கட்டியவை அத்தனை வருடம் நிற்குமா என்று பார்க்க நான் இருக்க மாட்டேன்" என்றார். அந்த வார்த்தைக்காக அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

வைகாசியில் மேற்குச் சந்தைத் தோண்டினோம். கிணறு மிகவும் கீழே இருக்கும் காலம் பார்த்துத்தான் இதைச் செய்ய வேண்டும். 28 அடி நீளத்தையும் ஒரே மூச்சில் தோண்டவில்லை. ஆறு ஆறு அடியாகத் தோண்டி, பலகையும் முட்டும் கொடுத்து, ஒரு பகுதியை முடித்து மூடிய பிறகே அடுத்ததற்குப் போனார்கள். ஆற்று மணல் கலந்த மண் சொல்லாமல் சரியும். ஆளை மூடிவிடும். கடைக்காலுக்குக் கீழே ஓர் அங்குலம்கூடப் பறிக்கக் கூடாது என்று மேஸ்திரி கண்டிப்பாக இருந்தார்.

வெளிச்சுவர் வெளிப்பட்டபோது காரணங்கள் கண்ணெதிரே தெரிந்தன. இரண்டு இடங்களில் காங்கிரீட் தேன்கூடு போலச் சல்லி தெரியப் பொத்தலாக இருந்தது. சென்ட்ரிங் பலகையை இழுத்துக் கட்டிய கம்பிகளைச் சுவரிலேயே விட்டிருந்தார்கள். அவை துருப்பிடித்து, ஒவ்வொன்றும் உள்ளே வரைக்கும் ஒரு மெல்லிய வழியாக மாறியிருந்தன. இரும்பு துருவானால் பல மடங்கு பருத்துச் சுற்றியுள்ள காங்கிரீட்டைப் பிளக்கும். கடலோர ஊரில், உப்பு ஈரத்தில், அது வெகு சீக்கிரம் நடக்கும். கம்பி நுனிகளைக் குடைந்து வெட்டி, பொத்தல்களைக் கெட்டிக் காங்கிரீட் வரைக்கும் கொத்தி, சுருங்காத கலவையால் அடைத்தார்கள். அது இறுகிய பிறகு, பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சை இரண்டு கை கொடுத்தார்கள். முதல் கை படுக்கை வசமாக, இரண்டாவது நெட்டு வசமாக. கடைக்காலும் சுவரும் சேரும் இடத்தில் கலவையால் வளைவாக மூலை கட்டினார்கள், தண்ணீர் அங்கே தங்காமலிருக்க.

ஆனால் மேற்குப் பக்கத்தைக் காப்பாற்றியது பூச்சைவிட வடிகால்தான் என்று நான் நம்புகிறேன். கடைக்கால் மட்டத்தில் நாலங்குலத் துளைக் குழாய் ஒன்றை, நூறு அடிக்கு ஓரடி என்ற வாட்டத்தில் பதித்தார்கள். துளைகள் கீழ்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். மேலே பார்த்து வைக்கிறவர்கள் அதிகம். தண்ணீர் மட்டம் கீழிருந்து ஏறுகிறது, ஆகவே கீழே துளை இருந்தால்தான் ஏறத் தொடங்கும்போதே குழாய்க்குள் போகும். குழாயைச் சுற்றி முக்கால் அங்குலச் சல்லி, சல்லியைச் சுற்றி மண் புகாத வடிகட்டித் துணி. குழாய் போய்ச் சேருவது மூலையில் கட்டிய சேகரிப்புத் தொட்டிக்கு. மேலே கடைசி ஓரடிக்குக் களிமண் நிரப்பித் திமிசு போட்டு இறுக்கி, வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக வாட்டம் விட்டுத் தளம் போட்டோம். மாடிக் குழாய்களை மூடிய குழாய் வழியாக முன்வாசல் பக்கம் கொண்டுபோய், சுவரிலிருந்து 15 அடி தள்ளிப் புதுக் குழியில் விட்டோம். வருகிற தண்ணீருக்குப் போகிற வழி கிடைத்துவிட்டால், சுவரின்மேல் அதற்கு வேலை இல்லை.

வடக்குச் சுவர் பக்கத்து வீட்டு எல்லையில் இருக்கிறது. அங்கே தோண்ட முடியாது. அதற்கும் தரை மூலைக்கும் உள்ளிருந்துதான் வைத்தியம். சுற்றிலும் மூலையை ஓரங்குல ஆழத்துக்குப் பள்ளம் பறித்தார்கள். வடக்குச் சுவரின் இரண்டு வெடிப்புகளில் சாய்வாகத் துளையிட்டு, சிறு முனைகளைப் பொருத்தி, பாலியூரித்தேன் திரவத்தை அழுத்தி ஏற்றினார்கள். அது தண்ணீரைத் தொட்டதும் நுரைத்துப் பெருத்து வெடிப்பை நிரப்புகிறது. பிறகு கிணறு கொஞ்சம் ஏறட்டும் என்று காத்திருந்து, ஆடி இறுதியில் பெய்த ஒரு பெருமழைக்குப் பின் ஊறிய புள்ளிகளை உடனடியாக இறுகும் சிமெண்டால் அடைத்தோம். உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் நாலைந்து நிமிடத்தில் சூடாகிக் கல்லாகிவிடும். எல்லாத் துளையையும் ஒரே நேரத்தில் அடைக்க முயன்றால் தண்ணீர் புது வழி தேடும். மேலிருந்து ஒவ்வொன்றாக அடைத்து, கீழே ஒன்றை மட்டும் சிறு குழாய் செருகித் திறந்து வைத்து, மற்றவை இறுகிய பிறகு அதைக் கடைசியாக அடைக்க வேண்டும். அந்தக் கடைசித் துளையை அடைக்க மேஸ்திரி அப்பாவை அழைத்தார். அப்பா கையுறை போட்டுக்கொண்டு, பைண்டிங் முதுகை அழுத்திப் பிடிக்கும் அதே பிடியில், ஐந்து நிமிடம் அசையாமல் நின்றார்.

அதன்மேல் பூசியது படிகமாகும் வகைப் பூச்சு. காங்கிரீட்டின் நுண்துளைகளில் ஈரத்தோடு உள்ளே போய், அங்கே மிஞ்சியிருக்கும் சுண்ணாம்போடு வினைபுரிந்து ஊசி ஊசியாய் வளர்ந்து துளைகளை அடைக்கும். பெயிண்ட் போலச் சுவரின் மேலே தனியாக நிற்காமல் சுவருக்குள் வேர் விடுவதால், உள்பக்கத்திலிருந்தும் இது தாங்குகிறது. காய்ந்த சுவரில் இது வேலை செய்யாது. பூசும் முன்பு நனைக்க வேண்டும், பூசிய பின்பு மூன்று நாள் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

உறவினர்கள் சிலர் சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் போதும், தாத்தா காலத்தில் அப்படித்தான் என்றார்கள். பழைய வீடுகளின் மெட்ராஸ் தளம் என்ற செங்கல் சுண்ணாம்புக் கூரைக்கும், மூச்சு விட வேண்டிய செங்கல் சுவருக்கும் சிமெண்டைவிடச் சுண்ணாம்புதான் நல்லது என்பது என் உறுதியான எண்ணமும்கூட. ஆனால் அந்தத் தளத்தில் தண்ணீர் விழுந்து வழிந்துவிடும். ஒரு மீட்டர் உயரத்துக்கு நின்று நாள்கணக்கில் அழுத்தும் தண்ணீருக்கு எதிராகச் சுண்ணாம்புப் பூச்சை நிறுத்துவது அந்தச் சுண்ணாம்புக்கே செய்யும் அநியாயம்.

மொத்தச் செலவு 2,40,000 ரூபாய். பாதிக்கு மேல் மண் வேலையும் கூலியும்.

*

சேகரிப்புத் தொட்டியில் அரைக் குதிரைச் சக்தி மோட்டார் ஒன்று, தண்ணீர் ஏறினால் தானே ஓடும் மிதவைச் சுவிட்சோடு. வெளியேற்றும் குழாயில் தண்ணீர் திரும்பி வராமலிருக்க ஒரு வால்வு அவசியம். தெருச் சாக்கடை நிரம்பும்போது அது இல்லாவிட்டால் ஊர்த் தண்ணீர் முழுவதும் நம் தொட்டிக்கு வரும். இதைவிட முக்கியமானது மின்சாரம். புயல் நாளில்தான் மோட்டார் ஓட வேண்டும். புயல் நாளில்தான் மின்சாரத்தை நிறுத்துவார்கள். 2011 டிசம்பரில் தானே புயலுக்குப் பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பதைக் கடலூர்க்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. இந்த மோட்டாருக்கென்றே தனி பேட்டரியும் இன்வெர்ட்டரும் வைத்தோம். சுவிட்சுப் பெட்டியை நாலரை அடி உயரத்துக்கு ஏற்றி, மின்கசிவைத் துண்டிக்கும் கருவியும் பொருத்தினோம்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. நள்ளிரவில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டு விழித்தேன். அப்பா எனக்கு முன்பே எழுந்து படியில் டார்ச்சோடு நின்றிருந்தார். நாங்கள் இருவரும் இறங்கிப் போனோம். மேற்குச் சுவர் காய்ந்திருந்தது. தரை மூலையைச் சுற்றிக் காகிதத் துண்டு ஒன்றை இழுத்துப் பார்த்தார் அப்பா, தாளின் ஈரத்தை விரலில் அறிந்தவர். மூன்று பக்கம் காய்ந்த தாளாகவே வந்தது. வடகிழக்கு மூலையில் மட்டும் நுனி நனைந்தது. வடக்குச் சுவரில் நாங்கள் தோண்ட முடியாமல் விட்ட பகுதி. சாக்பீஸால் வட்டமிட்டுத் தேதி போட்டேன். உள்ளங்கை அகலம்.

காலையில் கயிற்றை விட்டுப் பார்த்தபோது 5 அடி 2 அங்குலம். தரைக்கு மேலே இரண்டடிக்கு நிலத்தடி நீர் நிற்கிறது, உள்ளே அந்த உள்ளங்கை ஈரம் மட்டும். கார்த்திகை முடியும்வரை தினமும் அளந்தேன். கிணறு அதற்குப் பிறகும் நான்கு அங்குலம் ஏறியது. வட்டத்தை ஈரம் தாண்டவில்லை. வரும் வைகாசியில் அந்த ஒரு மூலைக்கு மேஸ்திரி மறுபடியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நான் அளவுகள் எழுதிவந்த நோட்டின் அட்டை கிழிந்துவிட்டது. அப்பா அதை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். நேற்று மாலை கீழ்க்கட்டிலிருந்து மைதா காய்ச்சும் வாசனை வந்தது.